ஜாவாவா, டாட்நெட்டா? முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறீர்கள், ஊர் கோவை. கல்லூரியில் சி-யும் கொஞ்சம் ஜாவாவும் படித்திருக்கிறீர்கள். காந்திபுரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட் டாட்நெட் ஃபுல் ஸ்டாக் சொல்லித் தருகிறது, இன்னொன்று ஜாவா ஃபுல் ஸ்டாக். இரண்டும் ஆறு மாதம், கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் உங்கள் பெரியப்பா மகள் ஜாவாதான் என்கிறார். உள்ளூரில் வேலை பார்க்கும் நண்பர் டாட்நெட் என்கிறார். எதில் சேர்வது, எதற்கு எதிர்காலம் அதிகம்?

இரண்டிலும் வேலை பார்த்தவன், புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் எதிர்ப்பக்கம் உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்காலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வங்கி, காப்பீடு, மருத்துவமனை, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் இந்த இரண்டிலும் எழுதிய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த இன்ஸ்டிட்யூட் எந்தக் காலத்து ஜாவாவை, எந்தக் காலத்து டாட்நெட்டைச் சொல்லித் தருகிறது? இன்றைய ஜாவாவுக்கும், டாட்நெட்டில் எழுதும் மொழியான இன்றைய சி ஷார்ப்புக்கும் உள்ள தூரம் குறைவு. பழைய டாட்நெட்டுக்கும் புதிய டாட்நெட்டுக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம். ஜாவாவிலும் இதே கதைதான்.

இவை இவ்வளவு ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் ஜாவாவை வெளியிட்டது. ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. நீங்கள் எழுதும் கோடு பைட்கோடாக மாறும், ஜேவிஎம் என்ற மென்பொருள் அதை அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி ஓட்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கு உரிமம் வாங்கி, விண்டோஸில் மட்டும் ஓடக்கூடிய வசதிகளை உள்ளே சேர்த்தது. 1997-இல் சன் வழக்குப் போட்டது, 2001-இல் சமரசம் ஆனது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் வழியைத் தேடிக்கொண்டுவிட்டது. 2000-இல் டாட்நெட்டை அறிவித்து, 2002 தொடக்கத்தில் முதல் பதிப்பை வெளியிட்டது. அதன் முக்கிய மொழியான சி ஷார்ப்பை வடிவமைத்தவர் டர்போ பாஸ்கலும் டெல்ஃபியும் செய்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். பிற்பாடு டைப்ஸ்கிரிப்ட் தந்தவரும் அவரே. டாட்நெட்டிலும் அதே அமைப்புதான்: இடையில் ஒரு மொழி, அதை ஓட்ட ஒரு ரன்டைம், நினைவகத்தைத் தானே சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர்.

அப்புறம் இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று வளர்ந்தன. ஜாவாவுக்கு ஜெனரிக்ஸ் 2004-இல் வந்தது, சி ஷார்ப்புக்கு அடுத்த ஆண்டு. சி ஷார்ப் 2007-இல் லிங்க் கொண்டுவந்தது. பட்டியலை வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, தொகுப்பது எல்லாம் ஓரிரு வரியில் முடிந்தன. ஜாவாவில் அதற்கு இணையான ஸ்ட்ரீம்ஸும் லாம்டாவும் வர 2014 ஆயிற்று, ஜாவா 8-இல். ஒரு வேலை முடியக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற வேலைகள் நிற்காமலிருக்க, சி ஷார்ப் 2012-இல் அசிங்க், அவெயிட் என்று ஒரு வழி காட்டியது. ஜாவா அந்த வழியில் போகாமல் 2023-இல், 21-ஆம் பதிப்பில், வர்ச்சுவல் த்ரெட் என்று வேறொரு வழியில் அதே சிக்கலைத் தீர்த்தது. எனக்கு ஜாவாவின் வழி பிடித்திருக்கிறது. சாதாரணமாக எழுதும் கோடே ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைத் தாங்குகிறது, ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் அசிங்க் என்று ஒட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

சின்ன உதாரணம். ஊழியரின் பெயரும் சம்பளமும் மட்டும் வைத்துக்கொள்ள ஒரு கிளாஸ் வேண்டும். கல்லூரியில் நமக்குச் சொல்லித் தந்த ஜாவாவில் இரண்டு பிரைவேட் ஃபீல்டு, கன்ஸ்ட்ரக்டர், ஆளுக்கொரு கெட்டர், இரண்டு ஊழியர் ஒன்றுதானா என்று பார்க்க ஈக்வல்ஸ், அதற்குத் துணையாக ஹாஷ்கோடு என்று திரை நிறைய எழுதுவோம். இன்றைக்கு ரெக்கார்ட் என்று போட்டு, பெயர் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு ஃபீல்டையும் எழுதினால் முடிந்தது. ஒரே வரி. சி ஷார்ப்புக்கு இது 2020-இல் வந்தது, ஜாவாவில் 2021-இல் நிலையான வசதியானது. இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்தால் எது எந்த மொழி என்று அனுபவசாலிகளே ஒரு நொடி யோசிப்பார்கள்.

இனி பதிப்பு விஷயம். டாட்நெட்டில் இதுதான் பெரிய குழி.

டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்று முதலில் வந்தது விண்டோஸுக்கு மட்டுமானது. 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டை ஓப்பன் சோர்ஸ் ஆக்குவதாக அறிவித்தது. 2016-இல் டாட்நெட் கோர் 1.0 வந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுகிற, பெரும்பாலும் புதிதாகவே கட்டிய தளம் அது. 2020-இல் 'கோர்' என்ற ஒட்டை விட்டுவிட்டு டாட்நெட் 5 என்று பெயர் வைத்தார்கள். பழைய ஃபிரேம்வொர்க்கின் 4.x பதிப்புகளோடு குழப்பம் வரக்கூடாது என்றுதான் 4-ஐத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பதிப்பு. இரட்டைப்படை எண்களுக்கு மூன்று ஆண்டு ஆதரவு. 2023-இல் 8, 2025-இல் 10. பழைய ஃபிரேம்வொர்க் 2019-இல் வந்த 4.8-ஓடு ஏறக்குறைய நின்றுவிட்டது. 2022-இல் 4.8.1 என்று ஒரு சின்னப் பதிப்பு மட்டும் வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் விண்டோஸோடு சேர்ந்து வருவதால் அதில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் புதிய வசதி எதுவும் அதற்கு வராது.

பல இன்ஸ்டிட்யூட்களின் பாடத்திட்டத்தில் இன்னும் ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஃபார்ம்ஸ் இருக்கிறது. அது புதிய டாட்நெட்டுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. வழக்கொழிந்தது என்பதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அது கற்றுக்கொள்பவருக்குச் செய்யும் கெடுதல். வெப் ஃபார்ம்ஸில் பக்கத்தில் ஒரு பட்டனை இழுத்துப் போட்டு, அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு ஃபங்ஷன் திறக்கும், அதற்குள் கோடு எழுதினால் வேலை நடக்கும். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பது கண்ணுக்கே படாது. போன தடவை டெக்ஸ்ட்பாக்ஸில் இருந்ததை நினைவில் வைக்க வியூஸ்டேட் என்று ஒரு நீண்ட மறைவான சரத்தைப் பக்கத்துக்குள் ஒளித்து வைத்து, ஒவ்வொரு கிளிக்குக்கும் அதைச் சர்வருக்கும் பிரவுசருக்கும் இடையே சுமந்து திரியும். விஷுவல் பேசிக்கில் விண்டோஸ் புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் வெப் பக்கம் சிரமமில்லாமல் வரவேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. அந்தக் காலத்துக்கு அது உதவியது. ஆனால் ஆறு மாதம் அதில் மட்டும் பழகிய ஒருவரிடம் இன்டர்வியூவில் சர்வருக்குப் போகும் கெட், போஸ்ட் கோரிக்கைகள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம், குக்கி எங்கே இருக்கும் என்று கேட்டால் திணறுகிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. அவர்கள் படித்த தளம் அந்த வயரிங்கை முழுதாக மூடி வைத்துவிட்டது.

ஜாவா பக்கம் பிளவு இவ்வளவு ஆழமில்லை, இருந்தாலும் உண்டு. 2017-இல் 9-ஆம் பதிப்புக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று முறை மாறியது. நீண்ட கால ஆதரவுள்ளவை 11, 17, 21, 2025 செப்டம்பரில் வந்த 25. ஆனால் நிறைய நிறுவனங்கள் வெகு காலம் 8-லேயே உட்கார்ந்திருந்தன, சில இன்னும் இருக்கின்றன. வேலைக்குப் போகும் இடத்தில் 8 இருந்தால் பரவாயில்லை. 21 தெரிந்தவர் 8-இல் சமாளித்துவிடுவார். மறுபக்கம் அவ்வளவு சுலபமில்லை. ஜாவாவில் வெப் மென்பொருள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டின் 2022 நவம்பரில் வந்த 3-ஆம் பதிப்புக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். அதோடு ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பல பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. சன் நிறுவனத்தைப் பிற்பாடு வாங்கிய ஆரக்கிள், ஜாவா எண்டர்பிரைஸ் பதிப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, ஜாவா என்ற பெயர் தன் வணிக முத்திரை என்பதால் பழைய பேக்கேஜ் பெயரில் புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் போனதன் விளைவு இது. பழைய வீடியோவைப் பார்த்து இம்போர்ட் வரிகளை அப்படியே அடித்துவிட்டு, ஏன் கம்பைல் ஆகவில்லை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் இரண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கும் நேரில் போய், போன பேட்ச் மாணவர் செய்த புராஜெக்டைக் காட்டச் சொல்லுங்கள். பிராஷரை நம்ப வேண்டாம். டாட்நெட் என்றால் சிஎஸ்புரோஜ் என்று முடியும் கோப்பைத் திறந்து, டார்கெட் ஃபிரேம்வொர்க் என்ற வரியைப் பாருங்கள். 4.8 அல்லது அதற்குக் கீழே என்றால் பழையது, 8 அல்லது 10 என்றால் புதியது. ஏஎஸ்பிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது வெப் ஃபார்ம்ஸ். ஜாவா என்றால் பாம் எக்ஸ்எம்எல் கோப்பில் ஜாவா பதிப்பும் ஸ்பிரிங் பூட் பதிப்பும் இருக்கும். ஜாவா 17 அல்லது அதற்கு மேல், ஸ்பிரிங் பூட் 3 அல்லது 4 என்றிருந்தால் நல்லது. ஸ்ட்ரட்ஸ், ஆப்லெட், ஸ்விங் என்று பழையவற்றிலேயே மாதக்கணக்கில் போகிற பாடத்திட்டம் வேண்டாம். சர்வ்லெட் மட்டும் ஒரு வாரம் சொல்லித் தந்தால் தடுக்காதீர்கள், ஸ்பிரிங்குக்கு அடியில் ஓடுவது அதுதான், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியும் அதில் நன்றாகப் புரியும்.

நிஜமான வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. டாட்நெட்டில் ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் செய்து தருகிறது: மொழி, ரன்டைம், வெப் ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸுக்கு என்டிட்டி ஃபிரேம்வொர்க், எடிட்டர். புதிதாக வருபவர் முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் குறைவு. டாட்நெட் நியூ, டாட்நெட் ரன் என்று இரண்டு கட்டளை கொடுத்தால் ஒரு ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல்) ஓடத் தொடங்கிவிடும். ஆவணங்களும் ஒரே இடத்தில், ஒழுங்காக. ஜாவாவில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழி. பில்டுக்கு மேவனா, கிரேடிலா? ஃபிரேம்வொர்க் ஸ்பிரிங்கா, குவார்கஸா? ஜாவாவை எழுதி ஓட்டத் தேவையான கருவித் தொகுப்பான ஜேடிகே எந்த நிறுவனத்துடையது? நல்ல ஆசிரியர் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை, தனியாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

அதே பரப்புதான் ஜாவாவின் பலமும். காஃப்கா, எலாஸ்டிக்சர்ச், கஸாண்ட்ரா, ஹடூப், ஸ்பார்க் என்று பெரிய அளவில் தரவைக் கையாளும் கருவிகள் எல்லாமே ஜேவிஎம் மேல் ஓடுபவை. நாளைக்கு டேட்டா எஞ்சினியரிங் பக்கம் போக ஆசை வந்தால், அங்கே ஒரு எரர் வந்து திரை நிறைய ஸ்டாக் ட்ரேஸ் கொட்டும்போது உங்களுக்கு அது பழகிய முகமாக இருக்கும். கேம் செய்ய ஆசை என்றால் யூனிட்டி, அதற்கு சி ஷார்ப். ஆண்ட்ராய்டுக்காக ஜாவா படிக்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் திருத்திவிடுங்கள். 2019 முதல் கூகுள் அங்கே கோட்லின் என்ற மொழிக்கே முன்னுரிமை தருகிறது. ஜாவா தெரிந்தால் கோட்லின் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான்.

'மைக்ரோசாஃப்ட் நாளைக்குக் கைவிட்டுவிட்டால்?' என்ற பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பிரவுசருக்குள் மென்பொருள் ஓட்ட 2007-இல் பெரிய ஆரவாரத்தோடு வந்த சில்வர்லைட்டின் ஆதரவு 2021-இல் முடிந்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. ஜாவாவும் சளைத்ததல்ல. ஒரு காலத்தில் பிரவுசரில் ஆப்லெட்தான் எதிர்காலம் என்றார்கள். 2010-இல் ஆரக்கிள் சன் நிறுவனத்தை வாங்கியதும், 2019-இல் வணிகப் பயன்பாட்டுக்கான உரிம விதிகள் மாறியதும் பல நிறுவனங்களைக் கலங்கடித்தன. ஜாவாவின் ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன்ஜேடிகே இருந்ததால் தப்பித்தோம். டெமூரின், கொரெட்டோ போன்ற இலவச ஜேடிகேக்களுக்கு மாறிக்கொண்டு எல்லோரும் வேலையைத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு இரண்டு தளங்களின் மூலக் கோடும் வெளிப்படையாக இருக்கிறது. உதிர்வது பெரும்பாலும் மேலே ஒட்டியிருக்கும் ஃபிரேம்வொர்க். அடியில் இருக்கும் மொழியும் ரன்டைமும் நிலைக்கின்றன.

எந்தப் பக்கம் போனாலும் உங்களைத் தூங்கவிடாத பிரச்சினைகள் ஒன்றுதான் என்பதையும் காட்டிவிடுகிறேன். 500 ஊழியர்களின் பட்டியலும், ஒவ்வொருவரும் எடுத்த விடுப்புகளும் ஒரு பக்கத்தில் வர வேண்டும். ஜாவாவில் டேட்டாபேஸோடு பேச உதவும் ஹைபர்நேட் வைத்து ஊழியர் பட்டியலை எடுத்து, லூப் போட்டு ஒவ்வொருவரின் விடுப்பையும் தொட்டால், பட்டியலுக்கு ஒரு குவெரி, ஆளுக்கொரு குவெரி என்று மொத்தம் 501 குவெரி டேட்டாபேஸுக்குப் போகும். உங்கள் லேப்டாப்பில் ஐந்து ஊழியர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாம் வேகமாகத்தான் இருந்திருக்கும். செஷன் மூடிய பிறகு விடுப்பைத் தொட்டால் லேஸி இனிஷியலைசேஷன் என்று ஒரு எக்ஸெப்ஷன் வந்து நிற்கும். டாட்நெட்டில் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் வேறு மாதிரி. இன்க்ளூட் என்று சொல்லிக் கேட்காவிட்டால் அது விடுப்புகளைக் கொண்டுவராது, தொடும்போது மட்டும் தரவைக் கொண்டுவரும் லேஸி லோடிங்கை நீங்களாகத்தான் இயக்க வேண்டும். எரர் வராமலேயே பட்டியல் காலியாக வரலாம், எல்லோருக்கும் விடுப்பு பூஜ்யம் என்று பக்கம் காட்டும். என்னைக் கேட்டால் இது எக்ஸெப்ஷனைவிட ஆபத்து, ஏனென்றால் அந்தப் பூஜ்யத்தை வைத்துச் சம்பளம் கணக்குப் போட்டுவிடுவார்கள். லேஸி லோடிங்கை இயக்கினால் அங்கேயும் அதே 501. தீர்வும் ஒன்றுதான்: டேபிள்களை இணைக்கும் ஜாய்ன் என்றால் என்ன என்று புரிந்து, தேவையானதை ஒரே குவெரியில் கேட்பது. ஆகவே எஸ்கியூஎல்லை இன்ஸ்டிட்யூட்டின் இரண்டு வாரப் பாடத்தோடு விட்டுவிடாதீர்கள். ஃபிரேம்வொர்க் உருவாக்கும் குவெரியை லாகில் போட்டுப் படிக்கும் பழக்கம் முதல் புராஜெக்டிலிருந்தே வரட்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றி. ஜாவா என்று தேடினால் இத்தனை, டாட்நெட் என்று தேடினால் இத்தனை என்று மொத்த எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். அதில் பெரும்பங்கு ஐந்து, எட்டு ஆண்டு அனுபவம் கேட்பவை. நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ புதியவர்கள் என்று வடிகட்டி, நீங்கள் போய்த் தங்கத் தயாராக இருக்கும் ஊர்களை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு விளம்பரத்தையும் முழுதாகப் படியுங்கள். தலைப்பைவிட உள்ளே கூட வரும் பெயர்கள் நிறையச் சொல்லும். ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீஸ், காஃப்கா என்று வந்தால் ஒரு வகை வேலை. எஸ்கியூஎல் சர்வர், அஷ்யூர், ஆங்குலர் என்று வந்தால் வேறு வகை. வெப் ஃபார்ம்ஸ், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்று வந்தால் ஏற்கெனவே ஓடும் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. பராமரிப்பு வேலை கேவலமில்லை, பிறர் எழுதிய கோடைப் படிக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் அங்கேயே மூன்று நான்கு ஆண்டு இருந்துவிட்டால் வெளியே வருவது கஷ்டம்.

நான் பார்த்த வரை கோவையில் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனங்களில் டாட்நெட்டும் எஸ்கியூஎல் சர்வரும் அதிகம். உங்கள் நண்பர் அப்படிச் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சென்னையில் பெரிய சர்வீஸ் நிறுவனங்களின் வங்கி, காப்பீட்டு புராஜெக்டுகளில் ஜாவாவின் கை ஓங்கியிருக்கிறது. ஆக இருவரும் அவரவர் ஊரிலிருந்து சரியாகத்தான் சொல்கிறார்கள்.

லேப்டாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ளதாக இருந்தால், டாட்நெட்டுக்கான எடிட்டர் முழு விஷுவல் ஸ்டுடியோவும் சரி, ஜாவாவுக்கான இன்டெல்லிஜேவும் சரி, கூடவே டேட்டாபேஸும் பிரவுசரும் திறந்திருந்தால் மூச்சு வாங்கும். விஎஸ் கோடு என்ற லேசான எடிட்டரை வைத்துக்கொண்டு இரண்டு மொழிகளையுமே பழகலாம். விஷுவல் ஸ்டுடியோ லினக்ஸில் ஓடாது, ஆனால் டாட்நெட் ஓடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு டாட்நெட்டுக்கு விண்டோஸ் வேண்டும் என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு என் பதில்: ஜாவா. உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் உங்கள் அக்கா. மாட்டிக்கொண்டு நிற்கும்போது கோடைப் பார்த்து, 'இந்த இடம் சரியில்லை' என்று சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருப்பது எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் காசு கொடுத்து வாங்க முடியாத வசதி. வாரத்துக்கு ஒருமுறை உங்கள் கிட்ஹப் லிங்கை அவருக்கு அனுப்பி, அலுவலகத்தில் செய்கிற மாதிரியே ரிவ்யூ செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு நிலைமைகளில் டாட்நெட்டுக்கு மாறுங்கள். கோவையை விட்டு வர முடியாத வீட்டுச் சூழலாக இருந்து, உள்ளூர் நிறுவனங்களின் விளம்பரங்கள் டாட்நெட் பக்கம் சாய்ந்திருந்தால், டாட்நெட். அல்லது நேரில் போய்ப் பார்க்கும்போது ஜாவா இன்ஸ்டிட்யூட்டில் இன்னும் ஸ்ட்ரட்ஸ் நடத்திக்கொண்டிருக்க, டாட்நெட் இன்ஸ்டிட்யூட்டில் பதிப்பு 10-இல் ஏபிஐ எழுதவைத்தால், யோசிக்காமல் டாட்நெட். சேர்ந்த பிறகு ஒரு வருடமாவது மற்றதன் பக்கம் தலை வைக்காதீர்கள். ஒன்று கைவந்துவிட்டால் இன்னொன்றைப் பிடிக்க ஓரிரு மாதம் போதும், இரண்டையும் பாதிப் பாதியாகத் தெரிந்தவரை இன்டர்வியூவில் தாண்டவிட எங்களுக்கு மனம் வராது.

கட்டணத்தை ஒரே தடவையில் கட்டாமல் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முதல் மாத முடிவில் உங்கள் கையால் எழுதிய, டேட்டாபேஸில் எழுதிப் படிக்கிற ஒரு சின்ன ஏபிஐ கிட்ஹப்பில் இல்லை என்றால் அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன் மற்ற இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.